சாவி சட்டைப்பைக்குப் போன பிறகு

கேட் விழுந்துகொண்டிருந்தது. மணி பத்து இருபத்திரண்டு. எங்கள் ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் ஏழு வண்டிகள் நின்றன: இரண்டு லாரி, ஒரு பள்ளிக்கூட வேன், நான்கு கார். இருசக்கர வண்டிகளை நான் எண்ணுவதில்லை. அவை ஓரிடத்தில் நிற்காமல் சந்து தேடிக்கொண்டே இருப்பதால் கணக்கு நேராகாது.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கும் அந்த ரயில்வே கேட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஒரு ரயிலுக்காக மூடினால் மூன்று ரயில் போன பிறகு திறக்கும் கேட் அது.

அன்று நான் கண் மருத்துவமனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கண்புரை அறுவை செய்துகொள்ளப் போய், இரண்டாவது தடவையாகச் செய்துகொள்ளாமலே திரும்பினேன். பச்சை அங்கி மாட்டி, சொட்டு மருந்து ஐந்து முறை விட்டு, தலையில் குல்லாயும் போட்டாகிவிட்டது. கடைசியாக ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் அம்மா உதட்டைப் பிதுக்கினார். எத்தனை என்று கேட்டேன். நூற்றுத் தொண்ணூறு. முதல் தடவை நூற்றெண்பத்திரண்டு. குல்லாயைக் கழற்றிவிட்டார்கள்.

பக்கத்தில் என் மனைவி கமலா உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஹாரன்கள். வலது பக்கம் எதிர்வரிசையில் புகுந்து முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார்கள் சிலர். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு விநாடி ஆகியிருந்தது.

அப்போதுதான் ஓட்டுநரைக் கவனித்தேன். எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார். செருப்பைக் கழற்றினார். பாதங்களை முன்தகரத்தின் மேல் தூக்கிவைத்து, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் பதினைந்து எண்ணுவதற்குள் அவருடைய வலது கை தொடையிலிருந்து நழுவி, உள்ளங்கை மேலே பார்த்துத் திறந்துகொண்டது. இடது கை மடியில் கிடந்தது.

அத்தனை ஹாரனுக்கு நடுவில் ஒரு மனிதன் அப்படிக் கிடந்ததை என் எழுபத்துமூன்று வயதில் நான் பார்த்ததில்லை.

எண்ணுகிறவன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்தேன். நூறு நட்டு வந்தால் அதில் எட்டை எடுத்து அளப்பது என் வேலை. எட்டும் சரியாக இருந்தால் மீதித் தொண்ணூற்றிரண்டில் ஒன்று கோணலாக இருக்குமோ என்று கவலைப்படுவது நானே சேர்த்துக்கொண்ட வேலை.

சாப்பாட்டுக்குச் சங்கு ஊதினால் அரை மணி நேரம். நான் ஒன்பது நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுவேன். மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் சட்டையை விரித்துப் படுத்திருப்பார்கள். நான் மீதி இருபத்தொரு நிமிடமும் அவர்களைச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன், அடுத்த சங்கு எப்போது ஊதும் என்று. ஒரு முறை லேத் ஓட்டும் டர்னர் ஒருவர் படுத்தபடியே கேட்டார், “சார், நீங்க நடந்தாத்தான் சங்கு ஊதுமா?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று கோபம் வந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பது தெரிய எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு அளக்க நட்டு இல்லை. ஆகவே மாடிப்படியை எண்ணினேன் (பதினான்கும் பதினான்கும்). குடியிருப்புக்கு வரும் தண்ணீர் லாரியை எண்ணினேன். காலையில் செய்தித்தாள் வந்ததும் முதலில் செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி என்று பார்த்துக் குறித்துவைப்பேன். இருபத்து நாலு அடி முழு உயரம். இருபத்திரண்டைத் தாண்டினால் வெள்ளம் வந்துவிடுமோ என்று கவலை. பத்துக்குக் கீழே போனால் குடிக்கத் தண்ணீர் இருக்காதே என்று கவலை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் எந்தப் பக்கம் போகுமோ என்று கவலை.

கமலா வாசித்த ஏரி

கண் மங்கியபோது முதலில் போனது செய்தித்தாள். வலது கண்ணில் எண்ணெய்க் காகிதம் ஒட்டியது போல இருக்கும். இடது கண்ணும் பாதிதான். கமலா வாசித்துக் காட்ட ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் வாசிப்பது அவளுக்குப் பிடித்த மாதிரி.

“ஏரி நல்லா இருக்காம்.”

“எத்தனை அடி?”

“வேணுங்கற அடி.”

இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அதுகூடப் பரவாயில்லை. படியிறங்குவதுதான் பிரச்சினை ஆயிற்று. பதினான்கு என்று நிச்சயமாகத் தெரிந்த படிகளில் ஒருநாள் பதிமூன்றோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். கைப்பிடி இருந்ததால் முழங்காலோடு போயிற்று. அதன் பிறகு கமலா இல்லாமல் நான் கீழே இறங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. தனியாக வெளியே போக முடியாத மனிதனாக மீதிக் காலத்தை ஓட்ட வேண்டியிருக்குமோ என்ற பயம் அன்றுதான் உள்ளே வந்து உட்கார்ந்தது.

இரண்டாவது தடவை திருப்பி அனுப்பியபோது டாக்டர் பொறுமையாகவே சொன்னார். மாத்திரையை மாற்றியிருக்கிறேன், ஒன்றரை மாதம் கழித்து வாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் இதய மருத்துவரிடம் அனுப்பி, எல்லாச் சோதனையும் முடித்துவிட்டுத்தான் கண்ணைத் தொடுவேன். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். புரை முற்றிக்கொண்டிருக்கிறது. அதுவரை கொஞ்சம் ரிலாக்ஸாக இருங்கள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கிராஃப் தாளில் ரத்தம்

நான் செய்த தவறை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் தடவை திரும்பி வந்த உடனே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தேன். கருவியை நம்பலாமா என்று முதலில் சோதிக்க வேண்டாமா? தெருமுனை மருந்துக் கடையில் பார்த்த அளவையும், வீட்டுக்கு ஓடிவந்து பார்த்த அளவையும் ஒப்பிட்டேன். ஓடிவந்ததால் கூடியிருக்குமோ என்று மறுநாள் நடந்து வந்து ஒப்பிட்டேன்.

பிறகு தினமும் பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் மூன்று அளவு எடுத்துச் சராசரி. அதைக் கிராஃப் தாளில் புள்ளி வைத்து, மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. தொழிற்சாலையில் நட்டின் அளவு கோட்டைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்துவோம். இங்கே எதை நிறுத்துவது? புள்ளி கோட்டை நெருங்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுத்த புள்ளி கோட்டைத் தாண்டிவிடும்.

“உங்க ரத்தம் என்ன நட்டா போல்ட்டா?” என்றாள் கமலா. இரண்டாவது தடவையும் திரும்பி வந்த அன்று கருவியை எடுத்து எங்கோ வைத்துவிட்டாள். அரிசி டிரம்மில் என்று எனக்குத் தெரியும். கையை விட்டுத் தேட தைரியம் வரவில்லை.

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் கணினித் துறைத் தம்பி, மதுரைப் பக்கம், தங்கமான பையன். மொட்டைமாடியில் காலையில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறான். நாலு எண்ணும்வரை இழுக்க வேண்டும், ஏழு எண்ணும்வரை அடக்க வேண்டும், எட்டு எண்ணும்வரை விட வேண்டும். எண்ணச் சொன்னால் எனக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது, பத்துச் சுற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு என்று மனம் பெருக்கிவிட்டது. நூற்றுத் தொண்ணூறு. நர்ஸ் அம்மாவின் உதடு கண்முன்னால் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். தம்பிமேல் குற்றம் இல்லை. அங்கே வருகிற மற்ற பதிமூன்று பேருக்கும் அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஏழுமலை

அந்த ஓட்டுநரின் பெயர் ஏழுமலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளானூர்க்காரர். அவருடைய பெற்றோர் அங்கே அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல்களில் இப்போது வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள்.

அன்று கேட் திறந்து வண்டி நகர்ந்ததும் நான் அவரிடம், எப்படி உடனே தூக்கம் வருகிறது என்று கேட்டேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “தூக்கம்லாம் இல்ல சார். சாவி பூட்டுல தொங்கிக்கினு கீதுன்னு வை, கை அதும்மேலயே நிக்கும். எப்ப தூக்குவான், எப்ப தூக்குவான்னு காலு துடிக்கும். சாவி ஜோபிக்குப் பூட்ச்சா, கேட்டு தூக்கற வரிக்கும் இது என் வண்டி இல்ல. ரயில்வேக்காரன் வண்டி.”

பள்ளியிலும் கல்லூரியிலும் பதினைந்து வருடம் படித்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாளிலிருந்து காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கமலாவையும் இழுத்துக்கொண்டு அவருடைய வண்டியில் ஏறினேன். பத்து நாளில் கமலாவுக்குச் சலித்துவிட்டது. ஒரு கட்டு கொத்தமல்லிக்கு இரண்டு பேர் எதற்கு என்றாள். கீழ்ப்படி வரை கொண்டுவந்து விட்டுவிடுவாள். ஏழுமலை வண்டியை வாசலில் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். இரண்டாவது வாரத்தில் நான் சாரிலிருந்து நைனா ஆனேன்.

அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. எதிர்வரிசையில் ஒருபோதும் புகமாட்டார். ஏன் புகவில்லை, எல்லோரும் போகிறார்களே என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். நீயே கணக்குப் போட்டுப் பாரு நைனா என்றார். போட்டேன். பதினேழு கேட் பார்த்தேன். அந்தப் பக்கமும் இதேபோல் எதிர்வரிசையில் வந்து நிற்பதால், கேட் தூக்கியதும் இருவரும் நடுவில் முட்டிக்கொள்வார்கள். நாங்கள் எங்கள் வரிசையிலேயே ஊர்ந்து, பதினேழில் பதினான்கு முறை அவர்களுக்கு முன்னால் தாண்டியிருந்தோம்.

ஒருநாள் பின்னாலிருந்த கார்க்காரர் கேட் மூடியிருக்கும்போதே விடாமல் ஹாரன் அடித்தார். ஏழுமலை துண்டை விலக்கி, தலையை வெளியே நீட்டி, “அண்ணாத்தே, கேட்ட நானா மூடிக்கீறேன்?” என்று கேட்டுவிட்டு மறுபடி துண்டைப் போட்டுக்கொண்டார். குரலில் ஒரு துளி சூடு இல்லை. கார்க்காரரே சிரித்துவிட்டார்.

கவலை இல்லாத மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தது தப்பு. அவர் மனைவி செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போகிறவர். வீட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ஏழுமலைதான் சமைத்து, மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பிறகு வண்டி எடுத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கட்டு மாற்ற மனைவியைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாளில், எங்களை இறக்கிவிடுவதற்கு முன்பே கேட் மூடிக்கொண்டது. நான் தவித்துப்போனேன். என்னப்பா, வீட்டில் காத்திருப்பார்களே என்றேன்.

சாவி சட்டைப்பைக்குப் போயிற்று.

“ஊட்ல காத்துக்கினுதான் கீறா. இங்க நான் கத்துனா அவ கையில எலும்பு கூடிருமா நைனா? நீயும் அந்த வாட்ச்ச கழட்டி ஜோபில போடு. அத்தப் பாத்துக்கினே இருந்தா கேட்டுக்காரன் பயந்து தூக்கிடுவானா?”

வண்டியில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். வேப்ப மரத்தடிச் சிரிப்பு ஞாபகம் வந்தது. இந்த முறை கோபம் வரவில்லை. ஆனால் கடிகாரத்தையும் கழற்றவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம்.

மூன்றாவது தடவை

ஒன்றரை மாதம் கழித்து, காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஏழுமலை ஏழு பத்துக்கே வாசலுக்கு வந்துவிட்டார். கமலா பையில் மாத்திரைச் சீட்டு, சட்டை, பிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டாள். நான் இரவு முழுக்கப் புரண்டிருந்தேன். இன்று இல்லையென்றால் மாதக்கணக்கில் இல்லை.

ஏழு பத்தொன்பதுக்கு எங்கள் மூக்குக்கு முன்னால் கேட் விழுந்தது.

காதுக்குள் தடதடவென்று அடித்துக்கொண்டது. நூற்றுத் தொண்ணூறு இருக்கும், இருநூறுகூட இருக்கும் என்று நினைத்தேன். கமலா என் கையைப் பிடித்தாள். முன்னால் ஏழுமலை எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டு, துண்டை எடுத்தார். போடும் முன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

நான் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

கமலா திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து குளிக்கும்போது தவிர நான் அதைக் கழற்றி அவள் பார்த்ததில்லை. செருப்பையும் கழற்றினேன். தகரத் தரை குளிர்ச்சியாக இருந்தது. ஏழுமலை போலவே வலது கையைத் தொடையில் வைத்து விரல்களை விட்டேன். அவை சுருட்டிக்கொண்டே இருந்தன. இத்தனை வருடமும் எதையோ பிடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன போலும். மறுபடி விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தாடையை விட்டேன். தோள் காதுவரை ஏறியிருந்தது. அதையும் இறக்கினேன்.

சரக்கு ரயில் வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் அது இரண்டு முறை தட்டும். எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது, பத்து. நான் எண்ணுவதற்காக அது வேகமாகப் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. பதினொன்று. இந்த வண்டி ரயில்வேக்காரன் வண்டி. பன்னிரண்டு.

பிறகு கமலா என் தோளை உலுக்கினாள். மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு ரயில் போனதாம். கேட் தூக்கியதாம். தண்டவாளத்தில் வண்டி குதித்தபோதுகூட நான் விழிக்கவில்லையாம். குறட்டை விட்டேன் என்றும் சொன்னாள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

உள்ளே அதே நர்ஸ் அம்மா. அதே பச்சை அங்கி. கைப்பட்டை இறுகியது. நான் கண்ணை மூடி, விரல்களை விட்டேன். பட்டை மெல்ல மெல்லத் தளர்ந்தது. பேனா தாளில் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், இன்னிக்கு எத்தனைன்னு கேக்கலையே?”

“எழுதிட்டீங்கல்லம்மா” என்றேன்.

சிரித்துக்கொண்டே என் தலையில் குல்லாயை மாட்டினார். இந்த முறை கழற்றவில்லை.

மாற்றிய மாத்திரையின் பங்கை நான் மறுக்கவில்லை. டாக்டருக்கும் அதில் பெருமை உண்டு. அந்த எண் மருத்துவமனைத் தாளில் இருக்கிறது, தாள் கமலாவின் பீரோவில் இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

முன் இருக்கை

கறுப்புக் கண்ணாடி கழற்றிய பிறகு முதல் முறையாகத் தனியாகப் படியிறங்கினேன். பதினான்கும் பதினான்கும், ஒன்றும் குறையவில்லை. செய்தித்தாளில் ஏரியை நானே பார்த்துக்கொள்கிறேன். கமலா சொன்னது சரிதான், நன்றாகத்தான் இருக்கிறது.

ஏழுமலையின் வண்டியில் அன்று முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். புதுக் கண். எதிரில் போகும் பேருந்தின் எண், கடைப் பலகைகள், கேட் கம்பத்தில் சிவப்பு வட்டம், அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்கையின் மூக்கு, எல்லாம் துடைத்துவைத்த மாதிரி தெரிந்தன.

கேட் விழுந்தது. எஞ்சின் அணைந்தது. சாவி சட்டைப்பைக்குப் போயிற்று. துண்டு முகத்துக்குப் போயிற்று. வலது கை திறந்துகொண்டது. என் கடிகாரமும் பைக்குள் போனது. சரக்கு ரயில் வந்தது.

அப்போது அவருடைய இடது கையைப் பார்த்தேன். இத்தனை நாள் மடியில் சும்மா கிடக்கிறது என்று நான் நினைத்திருந்த கை. கட்டைவிரல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. சுண்டுவிரலின் அடிக்கணு, நடுக்கணு, நுனி. மோதிர விரலின் அடி, நடு, நுனி. தண்டவாளம் தட்டத் தட்ட ஒரு கணு.

இந்த மனிதரும் எண்ணுகிறார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? தொழிற்சாலையில் எத்தனையோ பேரை அளந்து பார்த்திருக்கிறேன், என் அளவுக்கு ஒருவரும் கிடைத்ததில்லை. கேட் தூக்கும்வரை பொறுத்திருந்து, அவர் துண்டை எடுத்ததும் கேட்டேன்.

“எத்தனை பெட்டி?”

“எது நைனா?”

“இப்பப் போச்சே. விரல்ல எண்ணிக்கிட்டே இருந்தியே.”

அவர் தன் இடது கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. “ஆமா, எண்ணிக்கினுதான் இருந்தேன். கேட்டு தூக்கிட்டானா, பூட்ச்சு. யாருக்குத் தெரியும்?” சாவியை எடுத்துப் பூட்டில் செருகினார்.

எனக்குத் தெரியும். நானும் எண்ணியிருந்தேன், கடைசியில் வந்த கார்டு பெட்டி உட்பட. எண் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கியது.

இதை எழுத உட்கார்ந்தபோது அந்த எண்ணைப் போடலாம் என்று யோசித்தேன். ஐம்பத்தெட்டா, ஐம்பத்தொன்பதா? கமலாவைக் கேட்கலாம் என்றால் அவள் அன்று வண்டியில் இல்லை. குறித்துவைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு விரல்களை விட்டேன்.